சாட்சிச் சில்லு

“ஒட்டுற கம்மு ஒண்ணு குடுங்க” என்று கேட்டுக்கொண்டு வருகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒட்டாத கம்மை எவன் விற்கிறான்? மளிகைக் கடைக்குப் போய் “தின்கிற சாமான் ஒண்ணு குடுங்க” என்று கேட்பானா? கேட்க மாட்டான். ஹார்டுவேர் கடை என்றால் மட்டும் மூளையைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவான். திருப்போரூரில், மெயின் ரோடு மேலேயே, பதினெட்டு வருஷமாக ஒரே கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் உலகநாதன். எனக்குப் பக்கத்து மேஜையில் பசை விற்கிறவள் ஜாக்குலின். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நடுநடுவே மற்றவர்களைத் திட்டாமல் சொல்ல எனக்கு வராது.

ஜாக்குலினுக்கு நாற்பத்தொன்று முடிகிறது. பிறந்தது படாளம் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள். சொந்தமாக ஒரு சாண் வரப்புகூடக் கிடையாது. இவள் பத்தாவது முடித்த கையோடு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டாள். எட்டு வருஷம் அடிப்பாகம் ஒட்டுகிற வரிசையில் நின்றாள். மேல் தோலில் ஒரு பூச்சு, அடி ரப்பரில் ஒரு பூச்சு, இரண்டையும் ஆறவிட்டு அப்புறம் சேர்த்து அமுக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்பதற்குச் சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தார்கள். ஐப்பசி மழையில் அந்தக் கடிகாரம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தது இவள்தான். ஈரக் காற்றில் பூச்சு மெதுவாகத்தான் ஆறும். இவள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். விரல் முட்டியால் தொட்டுப் பார்ப்பாள். முட்டியில் பசை ஏறினால் இன்னும் பொறு. ஏறாமல் லேசாகப் பிடித்து உடனே விட்டுவிட்டால் இப்போது சேர். அந்த மழை மாதத்தில் போன சரக்கு அடி பிரிந்து திரும்பி வந்தது. இவள் கை பட்டது ஒன்றுகூட வரவில்லை. பாராட்டினார்களா? வரிசையை மெதுவாக்குகிறாள் என்று மெமோ கொடுத்தார்கள். அட, போங்கய்யா!

அந்த நெடியில் தினம் தலைவலி. வேலையை விட்டாள். கல்யாணமாகித் திருப்போரூர் வந்தாள். புருஷன் கலைவாணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், அதிர்ந்து பேசாத சாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடையில் சேர்ந்தாள். முதலாளி சீனு அவளைப் பெயின்ட் டப்பா அடுக்கத்தான் எடுத்தார். மூன்றே மாதத்தில் பசை மேஜை அவளுடையதாகிவிட்டது. காரணம், அவள் கேட்கிற மூன்று கேள்வி.

“எத எதோட ஒட்டணும்?”

“அதும் மேல இன்னா படும்? தண்ணியா, வெயிலா, சூடா, வெயிட்டா?”

“எத்தினி நேரம் அதும் மேல கை வெக்காம சும்மா இருக்க முடியும் உன்னால?”

மூன்றாவது கேள்விக்கு எவனும் உண்மை சொன்னதில்லை. “ஒரு நாள் ஃபுல்லா வுட்ருவேங்க” என்பான். வீட்டுக்குப் போனதும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆட்டி ஆட்டிப் பார்ப்பான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது.

ஒருத்தன் காபிக் கோப்பையின் காது உடைந்துவிட்டது என்று, நொடியில் ஒட்டுகிற குயிக் கம் கேட்டான். சூடு படுகிற இடத்துக்கு அது ஆகாது, ரெசின், ஹார்டனர் என்று இரண்டு டப்பாவாக வருகிற பசையைக் கலந்து ஒட்டு, இல்லாவிட்டால் புதுக் கோப்பை வாங்கு என்றாள். அவன் வேறு கடையில் குயிக் கம் வாங்கி ஒட்டி, சூடான காபியை மடியில் கொட்டிக்கொண்டு, எங்கள் கடைக்கு வந்து சண்டை போட்டான். எங்களிடம் வாங்காத பசைக்கு எங்களிடம் சண்டை! இன்னொருத்தன் மீன் தொட்டிக்கு சிலிக்கான் அடித்தான். ஒரு வாரம் தண்ணீர் விடாதே என்று இவள் ட்யூபின் மேலேயே மார்க்கரால் எழுதிக் கொடுத்தாள். மறுநாளே தண்ணீர் விட்டான், மீனும் விட்டான். ஹால் முழுக்க மீன் துள்ளியதாம். கடற்கரை ரிசார்ட்டிலிருந்து ஒரு மேனேஜர் டை கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடி ஒட்டுவதற்குப் புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான்தான் வேண்டும், அதுதான் சீக்கிரம் காயும் என்று அடம்பிடித்தார். அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும் என்று இவள் சொன்னது அவர் டைக்குள் இறங்கவில்லை. ஆறு மாதத்தில் அந்த ரிசார்ட் கண்ணாடியில் முகம் பார்த்தவர்களுக்கெல்லாம் தேமல் தெரிந்தது.

அவளுக்குக் குயிக் கம் மேல் பகை என்று நினைத்துவிடாதீர்கள். நானே ஒருநாள் அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“அப்டி இல்ல அண்ணாத்த. சின்ன வேலைக்கு அதான் ராஜா. மூக்குக் கண்ணாடிக் காம்பு, பொம்மைக் கை, இதுக்கெல்லாம் ஒரு நாளு எவன் காத்துகினு இருப்பான்? வெயிட்டு தொங்குற எடம், வெயிலு அடிக்கிற எடம், அடி வாங்குற எடம், அங்கதான் டயிமு குட்க்கணும். வேலைக்கு ஏத்த மருந்து. நமக்கு ஏத்த மருந்து இல்ல.”

இவ்வளவு பேசியும் ஜனங்கள் திருந்தாததால் அவள் ஒரு வழக்கம் ஏற்படுத்தினாள். ரெசின் கலக்கிறவன் எவனாக இருந்தாலும், கலவையில் மிச்சத்தை ஓர் உடைந்த டைல்ஸ் சில்லில் தடவி வைக்க வேண்டும். ஒட்டின இடம் இறுகிவிட்டதா என்று அந்த இடத்தை ஆட்டிப் பார்க்கக் கூடாது. சில்லில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் இறங்கினால் அங்கேயும் இறுகவில்லை என்று அர்த்தம். ஒரே கலவைதானே, சில்லு பொய் சொல்லாது. “சாட்சி வெச்சியா?” என்பாள். சர்ச்சில் சொல்கிற அதே சாட்சிதான். கொண்டுவந்த சில்லுகளைத் தேதி போட்டு மேஜைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள். யார் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொக்கிலமேட்டிலிருந்து ஃபைபர் படகு ஓட்டை அடைக்கிறவர்கள் கொண்டுவருவார்கள். பசை விட்டால் கடலில் போய்ச் சேர வேண்டியவர்கள் அவர்கள். கார் வைத்திருக்கிறவன் எவனும் இதுவரை ஒரு சில்லு கொண்டுவந்ததில்லை.

இனி அவள் தம்பி பூபாலனுக்கு வருகிறேன். வயது இருபத்தொன்பது. கிரானைட், டைல்ஸ், கண்ணாடி எல்லாம் ஒட்டுவான். அப்பா அம்மா போன பிறகு அக்காவோடு வந்து தங்கி, அக்கா கை பார்த்து வேலை பழகினவன். நூல் பிடிக்காமலே நேர் கோடு போடுகிற கண். குறை ஒன்றே ஒன்று: மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு எவன் எதைச் சொன்னாலும் “சரி சார்” என்று விடுவான். அக்கா சொன்னால் எதிர்த்துப் பேசுவான். படித்தவன் சொன்னால் முதுகெலும்பை மடித்துப் பையில் போட்டுக்கொள்வான்.

அப்படி ஒரு படித்தவர் ஹேமந்த். ஐ.டி. கம்பெனி. ஆலத்தூர் தாண்டி ஒரு மனைப்பிரிவில் மாடி வீடு கட்டியிருந்தார். அந்த மனைப்பிரிவில் இன்னும் பன்னிரண்டு வீடு எழும்பப் போகிறது, எல்லாம் அவருடைய ஆபீஸ் நண்பர்கள். “என் வீட்டு வேலை சுத்தமா இருந்தா அத்தனையும் உங்களுக்குத்தான் பூபாலன்” என்று சொல்லி வைத்திருந்தார். பூபாலன் அந்தப் பன்னிரண்டு வீட்டையும் கனவிலேயே ஒட்டி முடித்துவிட்டான்.

வைகாசியில் கிரகப்பிரவேசம். காலை ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். வாசற்படிக்கு மேலே பதிக்க வேண்டிய பெயர்க் கல், “ரோகிணி இல்லம்” என்று பொன்னெழுத்து வெட்டி, மாமல்லபுரத்திலிருந்து முதல் நாள் மதியம்தான் வந்து சேர்ந்தது. ரோகிணி அவர் மனைவி. எழுத்துக்கு இரண்டு பக்கமும் தாமரை வேண்டும் என்று அந்த அம்மாள் கடைசி நேரத்தில் சொன்னதால் தாமதம். கறுப்புக் கல், ஐந்தடி நீளம், முப்பது கிலோவுக்குக் குறையாது. ஆள் நடக்கிற இடத்துக்கு நேர் மேலே.

பூபாலன் பசை வாங்க வந்தபோது ஜாக்குலின் விவரமாகவே சொல்லி அனுப்பினாள். கல்லின் முதுகைச் சொரசொரப்பாக்கு. தூசி போகத் துடை. நாலு மூலைக்கும் ஒரு பொட்டு குயிக் கம் வை, அது சும்மா தூக்கிப் பிடிக்கத்தான். நடுவெல்லாம் ரெசின், மெதுவாக இறுகுகிறது, அதுதான் ஆயுசுக்கும் தாங்கும். ஒன்றுக்கு ஒன்று கலக்கு. பின்னால் சுவரில் துளை போட்டு, கல்லைத் தாங்க இரண்டு கம்பி ஊசி அடி. சவுக்குக் கழி இரண்டு முட்டுக் கொடுத்து, மறுநாள் சாயங்காலம் வரை எடுக்காதே.

“பங்சனு காத்தால கீதே யக்கா.”

“இருந்தா இன்னா? கழியோட பங்சன் நடக்கட்டும். கழியில மாவெல கட்டு, அழகா இருக்கும்.”

நல்ல யோசனைதானே? அங்கே போனதும் எல்லாம் தலைகீழாயிற்று. சுவரில் துளை போட்டால் வாட்டர்புரூஃப் போய்விடும் என்று ஹேமந்த் கம்பி ஊசியை வேண்டாம் என்றார். இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்க முடியாது என்றார். போனில் நாலு வீடியோ பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு ஒரு பொன்மொழி சொன்னாராம்: “ஹார்டனர்தானே இறுக வைக்குது? அதை டபுளா போடுங்க. பாதி நேரத்துல இறுகிடும். சிம்பிள் லாஜிக்.”

சிம்பிள்தான். உப்பை இரண்டு மடங்கு போட்டால் குழம்பு சீக்கிரம் கொதிக்கும் என்பது போன்ற சிம்பிள். ரெசினும் ஹார்டனரும் அளவாகச் சேர்ந்தால்தான் கல்லாகும். ஒன்று கூடிவிட்டால் சேர ஜோடி இல்லாமல் மிச்சம் கிடக்கும். ஆறு மாதமானாலும் கோந்து போலக் கொழகொழவென்றே இருக்கும். இது பூபாலனுக்குத் தெரியாதா? அக்கா வாயால் ஆயிரம் தரம் கேட்டவன். இருந்தும் “சரி சார்” என்றான். ஒன்றுக்கு இரண்டு கலந்தான். கல்லை ஏற்றினான். கை வழக்கத்தில் மிச்சத்தை மட்டும் ஒரு சில்லில் தடவி வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் புதுச் சட்டையோடு கடைக்கு வந்தான். ஜாக்குலின் பின்பக்கம் குடோனில், சுவருக்குப் பூசுகிற புட்டி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாத்த, கம்பிக் கொக்கி ஒண்ணும் குயிக் கம் ஒண்ணும் குடு. திருஷ்டிப் பூசணிக்கா தொங்க வுடணுமாம், அந்தக் கல்லுலயே கொக்கி ஒட்டணும்னு அம்மா சொல்றாங்க. முட்டுக் கழியக்கூடக் காத்தாலயே எடுக்கச் சொல்ட்டாங்க, போட்டோவுல அசிங்கமா தெரியுதாம்.”

இதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன்? ஊர் உலகத்தையெல்லாம் மடையன் என்று திட்டுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? கொக்கியையும் குயிக் கம்மையும் எடுத்துக் கொடுத்து, பில் போட்டேன். அவள் கேட்கிற மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அவன் ஒரு சில்லை நீட்டி, “அக்கா வந்தா குட்த்துரு, சாட்சி” என்றான். வாங்கிப் பேனா டப்பாவில் போட்டேன். நகம் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நகம் இல்லையா? இருந்தது. புத்திதான் இல்லை.

ஒன்பதரைக்கு ஜாக்குலின் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். சில்லைப் பார்த்தாள். எடுத்துக் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

“இது எப்போ கலந்தது?”

“நேத்து நாலு மணின்னு சொன்னான்.”

“பதினேயு மணி நேரம் ஆச்சு. முட்டு?”

“காலையிலயே எடுத்துட்டாங்களாம்மா.” கொக்கி, பூசணிக்காய் கதையையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். “வண்டிய எடு அண்ணாத்த” என்றாள். சீனுவிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. என் பழைய டி.வி.எஸ்.ஸின் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க “ஏசப்பா, ஏசப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது பத்து. ஹோமம் முடிந்து, பால் பொங்கி, சொந்தக்காரர்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை செய்தவர்களுக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுக்கிற நேரம். கொத்தனார், தச்சர், எலக்ட்ரீசியன், பூபாலன் என்று நாலு பேர் வெளியே வரிசையாக நின்றார்கள். உள்ளே கூப்பிட்டுக் கொடுக்கலாம் அல்லவா? வாசற்படியில் வைத்துத்தான் கொடுப்பார்களாம், பெயர்க் கல்லோடு போட்டோ நன்றாக விழுமாம். காலையில் மாட்டை ஹால் வரைக்கும் கூட்டிப்போனார்கள். வீட்டை ஒட்டிக் கொடுத்தவனை வாசலில் நிறுத்தினார்கள்.

கிழக்குப் பார்த்த வீடு. வைகாசி வெயில் கறுப்புக் கல்லில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் கொக்கி. கொக்கியில் பெரிய பூசணிக்காய், மீசை வரைந்து, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, லேசாக ஆடிக்கொண்டிருந்தது. திருஷ்டி கழிக்கத் தொங்கவிட்ட சாமான் ஐந்து கிலோ தேறும்.

ஜாக்குலின் நேரே ஹேமந்திடம் போனாள். “சார், அந்தக் கல்லுக்குக் கீய யாரும் நிக்கக் கூடாது. மருந்து இறுகல.”

“நீங்க யாரு மேடம்?”

“பசை வித்தவ. பூபாலனோட அக்கா.”

அவர் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். “பாருங்க மேடம், நான் டேட்டா ஷீட்டே படிச்சுட்டேன். ஒரு சதுர இன்ச் எவ்வளவு லோடு தாங்கும்னு அதுல போட்டிருக்கான். இந்தக் கல்லு மாதிரி அம்பது கல்லைத் தொங்கவிடலாம்.”

“அது ஒண்ணுக்கு ஒண்ணு கலந்தா சார். நீங்க எப்டி கலக்கச் சொன்னீங்க?” சில்லை நீட்டினாள். “நீங்களே நகம் வெச்சுப் பாருங்க.”

அவர் அதைத் தொடவே இல்லை. கை அழுக்காகிவிடும் அல்லவா! ஏட்டுச் சுரைக்காயை வைத்து ஊருக்கே பந்தி போடுகிற மனுஷனுக்கு, கண் முன்னால் இருக்கிற சில்லு சாட்சி ஆகாது. ரோகிணி அம்மாள் எட்டிப் பார்த்து, “நல்ல காரியம் நடக்கிற இடத்துல என்ன இது அபசகுனமா? யாராவது அவங்களைக் கூப்பிட்டு டிபன் குடுங்க” என்றார். கேசரி கொடுத்து வாயை அடைக்கிற வைத்தியம்.

போட்டோகிராபர் பூபாலன் பெயரைக் கூப்பிட்டார். அவன் கழற்ற மறந்த செருப்போடு படி ஏறி, கல்லுக்கு நேர் கீழே போய் நின்றான். ஹேமந்த் நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு தாம்பாளத்தை நீட்டினார்.

“டேய் பூபா, எறங்குடா.”

“யக்கா, மானத்த வாங்காத. பன்னெண்டு வூட்டு வேல.”

“நேத்து கல்ல எங்க வெச்சே? மேல பட்டிய ஒட்டித்தானே?”

“ஆமா.”

“இப்போ நிமிந்து பாரு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். கல்லுக்கும் மேலே இருந்த சிமென்ட் பட்டிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. இரவு முழுக்க முட்டில் நின்ற கல், முட்டு போன நாலு மணி நேரத்தில் அவ்வளவு தூரம் வழுக்கி இறங்கியிருந்தது. பூபாலன் நிமிரவில்லை. போட்டோகிராபர், “இங்க பாருங்கண்ணே, சிரிங்க” என்றார். அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். அட மானங்கெட்டவனே, உன் தலை மேலேடா!

காலையில் கழற்றின முட்டுக் கழி இரண்டும் சுவரோரம் கிடந்தன. ஜாக்குலின் ஒன்றை எடுத்தாள். படிக்குப் பக்கவாட்டில் வந்து நின்று, தம்பியின் கெண்டைக்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் “ஐயோ” என்று துள்ளிக் கீழே குதித்தான். தாம்பாளம் உருண்டது. ஹேமந்த் பயந்து உள்ளே போனார். படியில் ஒருவரும் இல்லை. கழியின் நுனியை அந்த ஒரு விரல் இடைவெளியில் கொடுத்து நெம்பினாள். ஒரே ஒரு தரம். பெரிய பலம்கூடப் போடவில்லை.

கல் பூசணிக்காயோடு இறங்கியது. படியின் விளிம்பு பெயர்ந்து தெறித்தது. கல் மூன்றாக உடைந்தது. பூசணிக்காய் சிதறி, ரோகிணி அம்மாளின் புடவைக் கரை வரை விதை பறந்தது.

அப்புறம் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்? நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை என்றா? “இந்தப் பொம்பளை இடிச்சுத் தள்ளிட்டா!” என்று. ஹேமந்த், “நல்லா ஒட்டியிருந்த கல்லு. எல்லாரும் பார்த்தீங்கல்ல? வீடியோவே இருக்கு” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு உடைந்த பூசணிக்காயைக் காலடியில் வைத்துக்கொண்டே மறைத்தார்கள். வீடியோவில் அவள் நெம்புவது மட்டும்தான் தெரியும். நெம்பாமலே அது இன்னும் எத்தனை நிமிஷத்தில் விழுந்திருக்கும் என்பது எந்த வீடியோவில் தெரியும்?

பூபாலனும் கத்தினான். “ஏன் யக்கா இப்டிப் பண்ணே? என் பொயப்பக் கெடுத்துட்டியே! பன்னெண்டு வூடு போச்சே!” அழுதுவிட்டான்.

ஜாக்குலின் கழியைக் கீழே போட்டாள். உடைந்த துண்டு ஒன்றைப் புரட்டினாள். கல்லின் முதுகில் பசை தேன் நிறத்தில், நூல் நூலாக இழுத்துக்கொண்டு பளபளத்தது. தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, அவன் கட்டைவிரலை அந்தப் பசையில் வைத்து அழுத்தினாள். எடுத்தபோது ரேகை முழுசாகப் பதிந்திருந்தது, பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி.

அவன் விரலைப் பார்த்தான். பிறகு படியைப் பார்த்தான். விளிம்பு பெயர்ந்த இடம், போட்டோவுக்காக அவன் நின்ற இடம்தான். அவனுடைய ஒரு செருப்பு கல்லின் கீழே மாட்டிக் கிடந்தது. அழுகை நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஹேமந்திடம் போனான். “சார், தப்பு என்னுது. ரெண்டு மடங்கு கலக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கலந்தேன்” என்றான்.

ஹேமந்த் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, “பார்த்தீங்களா? அவரே ஒத்துக்கிறார்” என்றார். அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் புரிந்தது. இவ்வளவு நடந்தும், அவர் சொன்ன லாஜிக்கைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கீழே கிடந்த வேட்டி சட்டையைப் பூபாலன் எடுக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே டி.வி.எஸ்.ஸில் திரும்பினோம். பூபாலனுக்கு ஒரு காலில் மட்டும்தான் செருப்பு.

இப்போது அந்த வீட்டில் வேறு கல் இருக்கிறது. வேறு ஆள் ஒட்டினான். அவனுக்கும் ஹேமந்த் சார் பக்கத்தில் நின்று யோசனை சொன்னார் என்று கேள்வி. அந்த வாசலில் நான் நிற்கப்போவதில்லை, எனக்கென்ன. பன்னிரண்டு வீட்டு வேலையும் கைவிட்டுப் போனது. பூபாலன் மாமல்லபுரம் பக்கம் சின்னச் சின்ன வேலை செய்கிறான். முட்டுக் கழற்றுவதற்கு முன் சில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறான். ஜாக்குலின் நகம் வைத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் போகிறான். “நேத்து சார் ஒருத்தரு சீக்கிரம் எடுக்கச் சொன்னாரு, முடியாதுன்ட்டேன் யக்கா” என்று அன்றைக்கு ஒருநாள் சொன்னான். அவள் அதற்குப் பெரிதாகச் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாஸ்தா சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

அந்த வைகாசிச் சில்லைத் தேதி போட்டு என் மேஜையில்தான் வைத்திருக்கிறாள், பேனா டப்பாவுக்குப் பக்கத்தில். அவள் மேஜையில் இல்லை. தினம் காலையில் கடை திறந்ததும் அதில் நகத்தை வைத்து அழுத்துகிறேன். ஐந்து மாதமாகிறது.

“இன்னா அண்ணாத்த, இறுகிடிச்சா?” என்பாள், டப்பாக்களைத் துடைத்துக்கொண்டே.

“இல்லம்மா” என்பேன். அதற்கப்புறம்தான் முதல் பில் போடுவேன்.